கறுத்துப்போன ரோல்

டக். மூன்று. கோபுர வாசலுக்கு ஒன்று, பலிபீடத்துக்கு ஒன்று, இதோ கதாயுதத்தின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் நிற்கும் இந்தத் துவாரபாலகருக்கு ஒன்று. எண்ணச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு தானாக ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. கேமரா ரோலில் மொத்தம் முப்பத்தாறு படம். முப்பத்தாறும் தீர்ந்துவிட்டால் எழுந்து போய் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இன்றைய பொழுது எந்த வம்பும் இல்லாமல் கழிந்தது என்று ஆகிவிடும். அதற்குத்தான் எண்ணுகிறேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிகிறார். காலையில் செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்கிற அறுபத்திரண்டு வயசு மனுஷன், கேமராவைக் கண்ணில் வைத்ததும் தரையோடு தரையாகக் குந்திவிடுகிறார். ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு. டக். நான்கு. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் என்னை இவ்வளவு நேரம் இவர் உற்றுப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பார் என்று இத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், கண்டுபிடித்துத்தான் இருக்கிறார். அதுதான் காலையிலிருந்து என்னைப் போட்டுக் குடைகிறது. நான் நந்தி மண்டபத்து நிழலில் தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் எலுமிச்சஞ்சாதம் இருக்கிற தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், அவருடைய கண்ணாடிக்கூடு. கல் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. எங்கேயோ வௌவால் வாடை. ஆயிரம் வருஷத்துக் கோயில் என்று வாசலில் நீலப் பலகை சொல்கிறது. ஆயிரம் வருஷத்தில் முப்பத்துநாலு வருஷம் எம்மாத்திரம், ஒரு தூசிகூட இல்லை, அதை ஏன் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறாய் ஆவுடை என்று என்னை நானே தேற்றிப் பார்க்கிறேன். தேற்றல் எடுபடவில்லை.

எல்லாம் எங்கள் மகள் செண்பகாவால் வந்தது. பெங்களூரில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள் பரணில் ஏதோ தேடப் போய், துணியில் சுற்றியிருந்த அப்பாவின் பழைய ரஷ்யக் கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். 'அப்பா, இப்ப அங்க எல்லாரும் பிலிம்லதான் எடுக்காங்க, தெரியுமா?' என்றாள். கொண்டுபோய்ப் பழுது பார்த்து, புதிதாக ஒரு கறுப்பு வெள்ளை ரோலோடு கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் மூன்று மாசம் அதை மேஜை மேல் வைத்து வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் திடீரென்று, 'திருவேலங்குறிச்சிக்குப் போயிட்டு வருவமா?' என்றார். இந்தக் கோயில் இருக்கிற ஊர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லியே எத்தனையோ வருஷம். கோவில்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும், எதற்கு என்று கேட்டேன். 'எடுக்காம விட்டது ஒண்ணு கெடக்குலா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்று காலை கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரோலை மாட்டினார். சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, ஏதோ பிரசவம் பார்க்கிற மாதிரி. மூடியை மூடிவிட்டு லீவரைத் தள்ளித் தள்ளி எனக்குப் பாடம் வேறு எடுத்தார். 'இந்தா பாரு, லீவரத் தள்ளும்போது இந்தக் குமிழு சுத்துதா? சுத்துனா ரோலு ஏறுதுன்னு அர்த்தம். சுத்தலேன்னா உள்ள பிலிமு நவுரவே இல்ல. நாம பாட்டுக்கு அடிச்சிட்டே இருப்போம். கழுவிப் பாத்தா கண்ணாடி மாதிரி வெளுத்துக் கெடக்கும், ஒண்ணு இருக்காது.' நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது. 'அப்ப கறுப்பா வந்தா?' என்று கேட்டேன். 'கறுப்பா வந்தா, யாரோ மூடியத் தொறந்து வெளிச்சத்துல காட்டிட்டாங்கன்னு அர்த்தம்' என்றார். என்னைப் பார்க்காமல், குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி மாதிரி வெளுத்து. கறுப்பாக வந்தால் திறந்தது. டக். ஒன்பது. இடையில் எத்தனை போயிற்று என்று தெரியவில்லை, ஒன்பது என்று வைத்துக்கொள்கிறேன்.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் எடுத்த அந்த ரோல் கறுப்பாகத்தான் வந்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த காகித உறை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஆனால் இவர் ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னது என்ன? 'ரோலு ஏறவே இல்ல. நான் சரியா மாட்டல.' நான் அதை நம்பினேன். அதாவது, அவர் அப்படி நம்புகிறார் என்று நம்பினேன். பாவம், தன் மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே குளிர்காய்ந்துகொண்டு முப்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதோ அந்த யாளித் தூணைப் பிடித்துக்கொண்டுதான் வடிவு மதினி நின்றாள். என் வீட்டுக்காரரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு, வழியில் இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூவரும் இறங்கினோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மதினி அதுவரை தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, ஏதோ டாக்டரிடம் வந்தவள் மாதிரி விறைத்து நின்றாள். 'அக்கா, கொஞ்சம் சிரியேன்' என்று இவர் கெஞ்சினார். 'சிரிச்சா பல்லு தெரியுமேடா' என்றாள். அன்றைக்கு முப்பத்தாறில் இருபது படமாவது மதினியைத்தான் எடுத்திருப்பார். ரோல் முடிந்ததும் கேமராவை என் மடியில் வைத்தார். 'பத்திரமா வச்சிரு ஆவுடை, மூஞ்சி கழுவிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கோயிலுக்குப் பின்னால் வடபக்கம், கருவறையிலிருந்து அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கல் கிடக்கும், அங்கேதான் நானும் மதினியும் உட்கார்ந்திருந்தோம். மதினி கேமராவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். 'ஏளா, எம் படம் இதுக்குள்ளதான இருக்கு? எப்படி வந்துருக்குன்னு பாக்க முடியாதா?' என்றாள். பார்க்க முடியாது மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதே. தெரியாது என்று சொல்லவும் வரவில்லை. பிளஸ் டூ படித்தவள், கேமராக்காரன் பெண்டாட்டி, எனக்குத் தெரியாமல் இருக்குமா என்கிற மிதப்பு. பக்கவாட்டில் ஒரு கொக்கி இருந்தது. நகத்தால் நெம்பினேன். மூடி திறந்துகொண்டது. உள்ளே சுருட்டி வைத்த ஒரு பழுப்பு நாடா. நான் இழுத்து உருவி மதினி கையில் கொடுத்தேன். மதினி அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. 'இதுலயா நான் இருக்கேன்?' என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருவருமாக அதைச் சுருட்டித் திணித்து மூடினோம். இவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வந்து, கேமராவை வாங்கி, குமிழைச் சுற்றத் தொடங்கினார். 'இப்படிச் சுத்தி உள்ள ஏத்தாம மூடியத் தொறந்தா அம்புட்டும் போச்சு' என்றார், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற சந்தோஷத்தில். நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மதினி நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணாலேயே 'சொல்லாதே' என்றாள்.

டக். டக். ஒரே இடத்தில் இரண்டு. யாளியைத்தான் எடுக்கிறார். வெறும் தூணை. என்னை அங்கே போய் நில் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து தூக்குவாளியைத் திறந்து ஒன்றுமில்லாததைச் சரி பார்க்கிறேன். சொல்லவில்லை. நகர்ந்து போகிறார். அப்பாடா. அன்று திரும்புகிற பஸ்ஸில் இவர் முன் சீட்டில் தூங்கிப்போனதும் மதினி என் காதில் சொன்னாள்: 'எந் தம்பி திட்ட மாட்டான். ஆனா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிடுவான், அத என்னால பாக்க முடியாது. போனா போவுது விடு, அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கிட்டாப் போச்சு.' அடுத்த தடவை. அது தை மாசம். பங்குனியில் மதினிக்கு மஞ்சள் காமாலை. இருபது நாள்கூடத் தாங்கவில்லை. அதுவரை அந்த ரோல் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது, கழுவக் கொடுக்க இவருக்கு நேரம் இல்லை, வேலை மாற்றல், அலைச்சல். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லார் வீட்டிலும் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அழுது வீங்கியிருந்த இவர் முகம் அப்போதுதான் தெளிந்தது. 'இருக்குலா! கோயில்ல எடுத்தோம்லா! ஏ ஆவுடை, அந்த ரோலு எங்க?' என்று எழுந்து ஓடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். என் கையால், ஒன்றும் சொல்லாமல், எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது ஒன்றாவது தேறியிருக்க வேண்டும் என்று சங்கரன்கோவில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அடுப்படியில் நின்றேன். சாயங்காலம் வந்தார். இவருடைய பெரியப்பா வாசலிலேயே கேட்டார். 'ரோலு ஏறல பெரியப்பா. நான்தான் சரியா மாட்டல.' முற்றம் நிறைய ஆட்கள். பெரியப்பா விட்டாரா? 'முப்பத்தாறு படம் எடுத்தானாம், வளத்தவ மூஞ்சி ஒண்ணு தேறல. பெரிய போட்டோக்காரன்!' இவர் தலை கவிழ்ந்து நின்றார். அன்றைக்குக் கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டவர், செண்பகாவின் பெயர்சூட்டுக்குக்கூட எடுக்கவில்லை. கடைசியில் யாரோ கல்யாணத்து குரூப் போட்டோவில் இரண்டு தலைக்கு நடுவே தெரிந்த பாதி முகத்தைப் பெரிதாக்கி, மீதியை வரைந்து வாங்கினோம். மதினிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. யாரோ ஒரு பெண்பிள்ளை எங்கள் வீட்டு முன்னறையில் முப்பத்துநாலு வருஷமாக மாலையோடு இருக்கிறாள். தை அமாவாசைக்கு சாம்பிராணி காட்டும்போது இவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று உதட்டை அசைப்பார். ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பேன்.

அந்தக் கறுப்பு பிலிமை எறியவில்லை, உறையோடு அலமாரியில் இருந்தது. தொண்ணூற்றைந்தில் தீபாவளியை ஒட்டி சூரிய கிரகணம் வந்தது. தெருவே மொட்டைமாடியில் நின்றது, ஆளுக்கொரு பிலிம் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு. இவர் இதை எடுத்து வந்து நறுக்கி எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு. 'நல்ல கறுப்பு, இதுல பாத்தா கண்ணு கூசாது' என்றார். சூரியனை ஓரமாகக் கடித்து வைத்த மாதிரி இருந்தது. அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. ரோல் ஏறவில்லை என்றால் அது ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்கத் தெரியாத மட்டி நான். அவர் கேட்கத் தெரியாதவரா? நல்ல கறுப்பு என்று சொல்லிக் கையில் கொடுத்தாரே. டக். இருபத்திரண்டு இருக்கும். அப்படியானால் தெரிந்திருக்கிறது. ஸ்டுடியோவில் உறையைப் பிரித்த அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் காப்பாற்ற முற்றத்தில் நின்று அத்தனை பேர் பேச்சையும் வாங்கிக்கொண்டார்.  இந்த மனுஷனா? காபியில் சீனி குறைந்தால் அதற்கு ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு திரிகிற மனுஷனா? எத்தனை சண்டை போட்டிருப்போம். ஒரு சண்டையில்கூட அதை எடுத்து வீசியதில்லை. நான் வீசினேன். ஐயோ, நான்தான் வீசினேன். செண்பகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம், கேஸ் அடுப்பை இவர் பழுது பார்க்கிறேன் என்று கெடுத்து வைத்தபோது, 'ஒரு பிலிம் ரோலு ஒழுங்கா மாட்டத் தெரியாத கைதான இது' என்று கேட்டேன். கேட்டேனே. என் வாயால். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்தார், அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பூவையும் நான் வைத்துக்கொண்டேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால் தலையில் இன்னும் அந்தப் பூ இருக்கிற மாதிரி அரிக்கிறது.

கோயில் காவல்காரர் சாவிக்கொத்தோடு வருகிறார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. காலையில் எங்களைப் பார்த்ததுமே, 'செல்லுல எடுக்கலாம், கேமராலயும் எடுக்கலாம், ஸ்டாண்டு மட்டும் வைக்கக்கூடாதுங்க' என்று சட்டம் சொன்னவர். இப்போது சிநேகமாகிவிட்டார். இவர் அவரை வாசலில் நிற்க வைத்து ஒன்று எடுக்கிறார். டக். காவல்காரர் உடனே ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்க்கிறார். 'எங்க சார், காட்டுங்க, எப்படி வந்திருக்குன்னு.' 'இதுல பாக்க முடியாதுய்யா, கழுவுனாத்தான்.' 'படம் இதுக்குள்ளதானே சார் இருக்கு?'  முப்பத்துநாலு வருஷம் கழித்து அதே கேள்வி, அதே கோயில், பல் தெரிய நிற்கிற இந்த மனிதர் வாயிலிருந்து. இவர் சிரித்துக்கொண்டே விலாசம் எழுதி வாங்கிக்கொள்கிறார், பிரிண்ட் போட்டு அனுப்புகிறாராம். பார்க்க முடியாது என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் போதும். சரி, சொல்லாதது போகட்டும். இன்றைக்காவது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேனா? தெரிந்தவரிடம் போய் என்ன சொல்வது. தெரிந்த விஷயம்தானே. தெரிந்தது வேறு, நான் சொல்வது வேறு. இல்லை, அதெல்லாம் இல்லை, பயம், அவ்வளவுதான். அவர் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதை என்னாலும் பார்க்க முடியாது. முப்பத்தைந்து என்று எண்ணும்போது அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். 'ஒண்ணே ஒண்ணு பாக்கி வச்சிருக்கேன். சாப்பிடுவோம்' என்றார்.

வாழையிலையில் சாதத்தை வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். 'மூடியத் தொறந்தது நான்தான்' என்றேன். 'எந்த மூடிய?' என்று தூக்குவாளியைப் பார்த்தார். 'கேமரா மூடிய. அன்னைக்கு, நீங்க மூஞ்சி கழுவப் போனப்ப. ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கறுப்பா வந்தா என்ன அர்த்தம்னு காலையில நீங்கதான சொன்னீங்க. எனக்காக அத்தன பேச்சு வாங்குனீங்க, நான் என்னன்னா ஒங்களையே...' அழுகை வந்துவிட்டது. அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. 'நீயா?' என்றார். குரலே மாறிப்போயிருந்தது. 'நீயா தொறந்தே? நான் அக்கான்னுல்லா நெனச்சிட்டு இருக்கேன்.' எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் சாதத்தை இலையில் திரும்ப வைத்தார். 'சின்ன வயசுலயே அப்பாவோட கடியாரத்தக் கழத்திப் போட்டவ அவ. எதையும் நோண்டிப் பாக்காம இருக்க முடியாது அவளுக்கு. கறுப்பப் பாத்ததும் அவ வேலைன்னு முடிவு பண்ணிட்டேன். ஒன்ன நெனைக்கவே இல்ல. நீ படிச்சவ, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு...' இலையின் ஓரத்தைக் கிள்ளினார். 'பெரியப்பா கேக்காரு, முத்தம் நெறைய ஆளு. செத்து பதினாறு நாளுகூட ஆவாதவ மேல தூக்கிப் போடவா? அதான் நான் மாட்டலேன்னு சொன்னேன்.'  என்னைக் காப்பாற்றினாராம். காலையிலிருந்து உருகி உருகி நான் கட்டிய கோட்டை. அவர் பேச்சை நிறுத்தவில்லை. 'ஆனா உள்ளுக்குள்ள ஒரு கோவம் கெடந்துச்சு ஆவுடை. ஏ அக்கா, ஒம் மூஞ்சி ஒண்ணாவது எங்கிட்ட இருந்துருக்கும், அத நீயே கெடுத்துட்டுப் போயிட்டியேன்னு. ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அந்தப் படத்து முன்னால நின்னு வைவேன். மனசுக்குள்ளதான். ஒரு வருசம் விடல.' இலையை மடித்தார். கை கழுவினார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எழுந்து பிராகாரத்தில் நடக்கத் தொடங்கினார்.

கூப்பிடவா, பின்னால் போகவா, ஒன்றும் தெரியவில்லை. தெற்கே திரும்பி மறைந்தார். மறைந்த இடத்தில் வெயில் மட்டும் அடிக்கிறது. உதடு அசைந்ததை வேண்டுதல் என்று நினைத்தேனே. அத்தனை வருஷமும் என் பேரைச் சொல்லித் திட்ட வேண்டியதை மதினி வாங்கிக்கொண்டிருக்கிறாள், செத்துப்போன பிறகும். அவள் அன்று 'சொல்லாதே' என்று கண்ணைக் காட்டியது என்னைக் காப்பாற்றத்தானே, தன்னை அல்லவே. தம்பி அவளை ஏன் திட்டப் போகிறான். நான் அதையும் புரிந்துகொள்ளவில்லை. வடக்கிலிருந்து வந்து என்னைத் தாண்டிப் போனார், என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்று. புறா ஒன்று விமானத்திலிருந்து இறங்கி எங்கள் சாதத்தைக் கொத்துகிறது. கொத்தட்டும். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பேசாமலே ஊர் வரைக்கும் வந்தால்? மூன்று பஸ், ஐந்து மணி நேரம். வந்தால் வரட்டும். மறைப்பதற்கு என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை என்பதே உடம்புக்குப் பழக்கமில்லாமல் இருக்கிறது. மூன்றாவது சுற்றில் என் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. 'எங்க வச்சுத் தொறந்தீங்க?' என்றார்.

எழுந்து கூட்டிக்கொண்டு போனேன். கோமுகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல் அப்படியே கிடக்கிறது, ஒரு மூலை மட்டும் உடைந்திருக்கிறது. 'நான் இந்தப் பக்கம், மதினி அந்தப் பக்கம்' என்றேன். கொக்கியை நெம்பியது, உருவியது, மதினி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தது எல்லாம் சொன்னேன். 'ஒண்ணும் தெரியலன்னதும், இதுலயா நான் இருக்கேன்னு கேட்டா. கேட்டுட்டுச் சிரிச்சா.' 'சிரிச்சாளா?' என்றார். 'எங்கிட்ட சிரிக்க மாட்டேன்னாளே. எப்படிச் சிரிச்சா?' 'வாயப் பொத்திக்கிட்டு. தோளு குலுங்க.' அவர் தலையை ஆட்டினார். ஆமாம், அது அக்காதான் என்கிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். 'இன்னொரு தடவ சொல்லு' என்றார். சொன்னேன். முதலில் இருந்து, கேமராவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்ததிலிருந்து, பஸ்ஸில் 'அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கிட்டாப் போச்சு' என்று சொன்னதுவரை. அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்த துண்டை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நாலடி பின்னால் போய்க் கேமராவைத் தூக்கினார். 'உக்காரு' என்றார். கல்லின் நடுவில் உட்கார்ந்தேன். கண்ணை எடுக்காமலே இடது கையை ஆட்டினார். 'தள்ளி உக்காரு ஆவுடை. அவளுக்கு எடம் வேணும்லா.' தள்ளி உட்கார்ந்தேன். டக். முப்பத்தாறு. லீவரைத் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து, ரோலை இன்னும் சுற்றாமல், அப்படியே என் மடியில் வைத்தார். 'பத்திரமா வச்சிரு. மூஞ்சி கழுவிட்டு வாரேன்' என்று கிணற்றடிப் பக்கம் நடந்தார். பத்தடி போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். நான் மூடியின் மேல் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டேன். தள்ளி உட்கார்ந்தவள் நகரவில்லை. பக்கத்தில் அந்த இடம் வெயிலில் அப்படியே இருந்தது.